அறுபத்தொரு பேரில் முப்பத்துநான்கு

ஸாஜிதா ஒரு கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினால் அத்தோடு அது முடிந்தது என்று யாரும் நினைத்துவிட முடியாது. கொஞ்ச நேரத்தில் உறையைக் கிழித்துக் கடிதத்தை வெளியே எடுத்து, கூரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்து, ஒரு சொல்லை மாற்றி எழுதி, இன்னோர் உறை தேடுவாள். கலியாணம் முடித்த புதிதில் அவளுடைய புருஷன் முபாரிஸ் இதை ஒரு நோய் என்றே எண்ணி, தில்லையடிப் பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தான். அவள் குடித்தாள். பிறகு அன்றைய கடிதத்தைக் கிழித்து மறுபடி எழுதினாள்.

காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதில், மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது அவளுக்குப் பதினொரு வயது. பாலாவிக்குப் பக்கத்தில் அகதி முகாமில் ஓலைக் கொட்டில். கையில் கிடைத்த தாள்கள் முக்கால்வாசியும் சிங்களத்தில் இருந்தன: நிவாரண அட்டை, மருந்துத் துண்டு, வரிசையில் நிற்கச் சொல்லும் அறிவித்தல். முகாமில் அதை வாசிக்க ஆளில்லை. பிஸ்கட் பக்கெட்டிலும் பஸ் பலகையிலும் இரண்டு மொழியிலும் ஒரே பெயர் இருப்பதைக் கண்டு, எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்து அவள் சிங்களம் படித்தாள். ஒரு முறை அட்டையில் 'மீளாய்வு' என்றிருந்ததை 'நிறுத்தம்' என்று வாசித்துச் சொல்லிவிட்டாள். அன்று மாலை வரை ஏழு குடும்பங்கள் அரிசி நின்றுவிட்டதென்று அழுதுகொண்டிருந்தன. அரிசி நிற்கவில்லை. ஆனால் ஒரு சொல்லால் ஏழு அடுப்பை அணைக்க முடியும் என்பது அவளுக்குப் பதினாலு வயதிலேயே தெரிந்துபோயிற்று.

இங்கிலீஷும் ஓரளவு பிடிபட்ட பிறகு, புத்தளம் நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு தட்டச்சுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைக்காரர் பாலச்சந்திரன், வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், அதிகம் பேசாதவர். சேர்ந்த மூன்றாம் மாதம் இங்கிலீஷில் எழுதிய ஒரு மரண சாசனம் தமிழாக்கத்துக்கு வந்தது. மகள் 'மெஜோரிட்டி' அடையும் வரை தென்னங்காணியைத் தன் தங்கை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இறந்தவர் எழுதியிருந்தார். ஸாஜிதா அகராதியைப் புரட்டி, 'என் மகள் பெரும்பான்மை அடையும் வரை' என்று அச்சடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தத் தங்கைக்காரி, கத்தரினா என்று பெயர், தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பெரும்பான்மை அடையிறதெண்டா என்னம்மா? எங்கட பிள்ளை சிங்களப் பொடியனைக் கட்டினாத்தான் காணி கிடைக்குமெண்டா அண்ணன் எழுதினவர்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாலச்சந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்து, "இங்கை அது வயதைக் குறிக்குது பிள்ளை. பராயம் எண்டு போடும்," என்றார். அவ்வளவுதான். ஸாஜிதாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே சொல்லுக்குள் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்களா என்று நினைத்து நினைத்து, அகராதியில் அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தாள்.

சண்டை முடிந்த அடுத்த வருடம் பரீட்சை எழுதி, ஒரு பிரதேச செயலகத்தில் மொழிபெயர்ப்பாளராக நியமனம் பெற்றாள். சிங்களத்தில் வருவதைத் தமிழில் எழுதி, 'உண்மையான மொழிபெயர்ப்பு' என்று முத்திரை குத்திக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும்போதெல்லாம் அவளுடைய இடது கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவது 2014 ஓகஸ்டில் நடந்தது. தெற்கில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. புத்தளத்தில் ஒன்றும் நடக்கவில்லை. என்றாலும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன ஆண்கள் நேரத்துக்கு வீடு திரும்பினார்கள். பெண்கள் பஸ்ஸில் சத்தமாகக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

எத்தாளைக்கு அப்பால், கடல்நீர்க் களப்போரமாகக் கண்டல்முனை என்றொரு சின்ன மீன்பிடி ஊர். நூற்றித் தொண்ணூறு குடும்பம் இருக்கும். பாதிக்குமேல் முஸ்லிம்கள், அடுத்தது கத்தோலிக்கத் தமிழர்கள், வடக்குக் கரையில் சிலாபம் பக்கமிருந்து வந்து இருபது வருடமாக வாடி என்கிற மீன்பிடிக் குடில்கள் போட்டிருந்த இருபத்தெட்டுச் சிங்களக் குடும்பங்கள். அந்த ஊருக்கு ஓர் இறங்குதுறை கட்ட அரசாங்கம் ஒதுக்கீடு தந்திருந்தது. எங்கே கட்டுவது என்று கேட்க அபிவிருத்தி உத்தியோகத்தர் திலகரத்ன ஊருக்குப் போய்க் கூட்டம் வைத்தார். மூன்று இடம் பேசப்பட்டது: பள்ளிவாசல் பக்கத்துப் பள்ளியடி, அந்தோனியார் கோயிலடி, வடக்குக் கரை. வந்திருந்தவர்கள் கையுயர்த்தினார்கள். வடக்குக் கரை என்று முடிவாயிற்று. அங்கேதான் தண்ணீர் ஆழம்.

அந்த முடிவை அறிவிக்கும் நாலு வரி அறிவித்தல் ஸாஜிதாவின் மேசைக்கு ஒரு புதன்கிழமை வந்தது. அன்றைக்கு அது பதினோராவது கடதாசி. மகள் ஸஃப்னாவுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. சிங்களத்தில் 'பஹுதர', அதாவது கூடுதலானோரின், விருப்பம் என்று இருந்தது. அவள் எழுதினாள்: 'பெரும்பான்மையினரின் விருப்பத்திற்கு அமைய, இறங்குதுறையை வடக்குக் கரையில் அமைப்பதெனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது.' முத்திரை குத்தினாள், கையெழுத்திட்டாள், கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். வாழ்க்கையில் திரும்பி வாசிக்காமல் விட்ட ஒரே கடதாசி அது என்று பின்னால் சொல்லுவாள். அது எவ்வளவு உண்மையோ தெரியாது.

சனிக்கிழமை பகல் முபாரிஸ் சாப்பிட வந்தான். அவன் நகரில் முச்சக்கரவண்டி ஓட்டுபவன். கையைக் கழுவாமலே போனை நீட்டினான்.

"இதப் பாரேன். ஸ்டாண்டுல எல்லாரும் இதத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கண்டல்முனையில ஒட்டியிருக்காம். கடல் முழுக்க நம்மட ஆக்கள் தொழில் செய்ய, துறை மட்டும் பெரும்பான்மையினர்ட விருப்பப்படியாம். இப்ப இதக் கடதாசியிலயே எழுதிப் போடவும் துணிஞ்சிட்டாங்க."

போன் திரையில் அவளுடைய முத்திரை தெரிந்தது. கையெழுத்துப் படத்துக்கு வெளியே நின்றுவிட்டிருந்தது.

"ஆரு எழுதினதெண்டு தெரியுமா ஒனக்கு?"

"நான்தான்," என்றாள் ஸாஜிதா.

முபாரிஸ் கதிரையை இழுத்து உட்கார்ந்தான்.  பிறகு, "அப்படியா எழுதித் தரச் சொன்னாங்க?" என்று கேட்டான்.

"இல்ல. கூடுதலான ஆக்கள் எண்டுதான் அந்தாள் எழுதினார். நான் எழுதினதும் அதேதான். ஆனா வாசிக்கிறவங்களுக்கு அது வேற."

 பெரும்பான்மையினர் என்றால் எண்ணிக்கையில் கூடியவர்கள். அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் இந்த நாட்டில் தமிழ் வாசிக்கிற எவரும் அந்தச் சொல்லைக் கண்டால் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அது யாரென்று அவர்களுக்கு முன்னமே தெரியும். கத்தரினா சொன்னதும் அதுதானே. கத்தரினாவுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்தும் அவள் அதே குழியில் விழுந்திருக்கிறாள். சோறு பிசைந்த கையோடே எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள், மூடினாள். எதற்குத் திறந்தோம் என்று மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அதற்குமேல் பொறுக்கவில்லை. முபாரிஸின் வண்டியிலேயே கண்டல்முனைக்குப் போனாள். மீனவர் சங்கத் தலைவர் உசனாரின் வாடிக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். தான் யார் என்று சொன்னதும் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் ஒரே மூச்சில், இது இனத்தைச் சொல்லும் சொல் அல்ல, கையுயர்த்தியவர்களின் தொகையைச் சொல்வது, பிழை தன்னுடையது, அதிகாரி அப்படி நினைக்கவேயில்லை என்று சொல்லி முடித்தாள்.

உசனார் அறுபது தாண்டியவர். வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். பிறகு ஊசியைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இந்த ஊருல பெரும்பான்மை ஆரு? எண்ணிப் பாத்தா நாங்கதான். நூத்திப் பத்துக் குடும்பம். அந்தக் கடதாசிய வாசிச்சப்ப எங்கள்ல ஒருத்தனுக்காவது அது நாங்கதானே எண்டு ஓடினதா? ஓடல்ல பாருங்க. அதத்தான் நான் ரெண்டு நாளா நெனச்சிக்கிட்டு இருக்கன்."

கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்ற ஒரு பெண் அவரைப் பார்த்தாள். மார்த்தா, கோயிலடியைச் சேர்ந்தவள், கருவாடு போட்டுப் பிழைப்பவள். அவளுடைய புருஷன் மனுவேலும் அங்கேதான் நின்றான்.

"உங்களுக்குப் பெரும்பான்மை அவையள். எங்களுக்கு நீங்கள்," என்றாள் மார்த்தா.

மனுவேல் அவளை முழங்கையால் இடித்தான். உசனார் அதைக் கண்டும் காணாததுபோல் ஊசியை மறுபடி எடுத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த நாலு கண்ணியையும் பிழையாகப் போட்டுப் பிரித்தார்.

"கையுயர்த்தினீங்கதானே அக்கா, கூட்டத்தில?" என்று கேட்டாள் ஸாஜிதா.

"எந்தக் கூட்டம்? காலமை பத்து மணிக்கு வைச்சா ஆர் வாறது? அந்த நேரம் கருவாடு வெயில்ல கிடக்கும். காகத்தைத் துரத்துறதோ, கூட்டத்துக்கு வாறதோ? எங்கட பொம்பிளையள் ஒருத்தரும் வரேல்லை. பள்ளியடிப் பொம்பிளையளும் வரேல்லை."

ஸாஜிதா திரும்பி வரும்போது முபாரிஸை வடக்குக் கரைப் பக்கமாக வண்டியை விடச் சொன்னாள். அங்கிருந்த சின்னக் கடை பூட்டிக் கிடந்தது. வாடிகளுக்கு முன்னால் பிள்ளைகள் யாரும் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டு ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். நடுத்தர வயது. ஸாஜிதா சிங்களத்தில் வணக்கம் சொன்ன பிறகுதான் முழுதாக வெளியே வந்தாள்.

"மூன்று நாளாக எங்களிடம் யாரும் மீன் வாங்குவதில்லை, மிஸ். கடைக்கும் வருவதில்லை. தமிழில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்களாமே. அதில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள்?"

 உங்களைப் பற்றி ஒன்றுமில்லை என்றாள் ஸாஜிதா. அது உண்மைதான். அந்தப் பெண் நம்பவில்லை என்பதும் தெரிந்தது. இருபத்தெட்டுக் குடும்பம். நாட்டில் அவர்களுக்குப் பெயர் பெரும்பான்மை. இந்தக் கரையிலோ கதவைப் பாதிதான் திறக்க முடிகிறது. தன்னுடைய உம்மா பாலாவிக் கொட்டிலில் இதே மாதிரி தட்டியைப் பாதி திறந்து எட்டிப் பார்த்த காலம் ஞாபகம் வந்தது. பிறகு வருடங்கள் போய், வந்தவர்கள் பெருகி, தில்லையடிப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, "இப்ப இங்க நாங்கதான் குறைஞ்ச ஆக்கள்" என்று சொன்னபோது அதே உம்மா தலையைக் குனிந்துகொண்டதும் ஞாபகம் வந்தது.  

திங்கள் காலை திலகரத்ன வருவதற்கு முன்னமே அவருடைய அறை வாசலில் நின்றாள். அவர் கெட்ட மனிதரில்லை. வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் எப்போதும் முகத்தில் இருக்கும். அவரோடு பேச்சு சிங்களத்தில்தான்.

"மிஸ் எழுதியது பிழையில்லையே," என்றார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "சொற்கோவையிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. சரி, மக்களுக்குப் பிடிக்காவிட்டால் வேறு சொல் போடுங்கள். இன்றைக்கே ஒட்டிவிடுவோம்."

'பெரும்பாலானோர்' என்று போடலாம் என்றுதான் அவள் வந்திருந்தாள். எழுத உட்கார்ந்தபோது கை நின்றது. பெரும்பாலானோர் என்றால் ஊரில் அநேகம் பேர். மார்த்தா வரவில்லை என்கிறாளே. கோப்பைக் கேட்டு வாங்கிக் கூட்ட அறிக்கையைப் பார்த்தாள். சமுகமளித்தோர் அறுபத்தொருவர். வடக்குக் கரைக்குக் கை உயர்த்தியோர் முப்பத்துநால்வர். நூற்றித் தொண்ணூறு குடும்பத்தில் வளர்ந்தவர்கள் எப்படியும் நானூறு பேராவது இருப்பார்கள். முப்பத்துநாலு பேரை எந்தச் சொல்லால் ஊராக்குவது? வந்தவர்களில் பெரும்பான்மை சரி. ஊரின் பெரும்பான்மை என்றால் பொய். சொல்லை மாற்றினால் சண்டை அடங்கும், பொய் அப்படியே இருக்கும்.

எழுந்தாள், உட்கார்ந்தாள், தண்ணீர் குடித்தாள். பக்கத்து மேசைக்காரி, "கால்தான் ஆடும், இன்றைக்கு ஆளே ஆடுறீங்க," என்றாள். ஸாஜிதா கோப்போடு மறுபடி அறைக்குள் போனாள்.

"சேர், 'கூட்டத்துக்கு வந்திருந்த அறுபத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேரின் விருப்பப்படி' என்று எழுதினால்தான் சரியாக இருக்கும்."

திலகரத்ன பேனாவை மூடினார். "நான் உங்களை மொழிபெயர்க்கச் சொன்னேன். எண்ணச் சொல்லவில்லை."

"ஓம் சேர். சிங்களத்தில் இல்லாததைத் தமிழில் சேர்க்க எனக்கு உரிமையில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். நீங்கள் மாற்றினால் நானும் மாற்றலாம்."

"அப்படி எழுதினால் மற்றவர்கள் எங்கே என்று கேட்பார்கள். திரும்பக் கூட்டம் வைக்க வேண்டி வரும். டிசம்பருக்குள் வேலை தொடங்காவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும். துறையே இல்லாமல் போனால் உங்களுடைய சரியான சொல்லை வைத்து அவர்கள் வள்ளம் கட்டுவார்களா?"

 உண்மையாகவே அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று அவளும் பயந்தாள்.  பிறகு வடக்குக் கரையில் பூட்டிக் கிடந்த கடையைப் பற்றியும், பாதி திறந்த கதவைப் பற்றியும், அந்தப் பெண் கேட்ட கேள்வியைப் பற்றியும் சொன்னாள். நியாயம் பேசவில்லை, கண்டதைச் சொன்னாள்.

திலகரத்ன யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மூன்று நாளாகவா?" என்றார்.

"இன்றைக்கு நாலு."

அவர் ஒரு தாளை எடுத்தார். தன் கையாலேயே சிங்களத்தில் புதிதாக எழுதினார். வந்தவர் எத்தனை, உயர்ந்த கை எத்தனை, வருகிற ஞாயிறு பின்நேரம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வளவில் மறுகூட்டம், பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரலாம். அவள் அதைத் தமிழாக்கி, நாலு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இருநூற்று மூன்று பேர் வந்தார்கள். கருவாட்டைப் பாயோடு சுருட்டி வைத்துவிட்டுப் பெண்கள் வந்தார்கள். வடக்குக் கரைக்காரர்கள் கடைசியாக வந்து வேலியோரம் சேர்ந்து நின்றார்கள். உசனார் அங்கிருந்த ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்னுக்கு வரச் சொன்னார். அவன் வந்தான், மற்றவர்களும் கொஞ்சம் நகர்ந்தார்கள்.

ஆண்களில் பலர் ஆழத்தைப் பற்றிக் கதைத்தார்கள். பெண்கள் தூரத்தைப் பற்றிக் கதைத்தார்கள். மீன் கூடையைத் தலையில் வைத்து வடக்குக் கரையிலிருந்து வாடிக்கு நடப்பது யார் என்று மார்த்தா கேட்டாள்.  பிறகு கிராம சேவகர் ஒவ்வொரு கையாக எண்ணினார். வடக்குக் கரைக்கு எண்பத்தெட்டு. பள்ளியடிக்கு எழுபத்தைந்து. கோயிலடிக்கு நாற்பது.

திலகரத்னவின் முகம் தெளிந்தது. பெரும்பான்மை வடக்குக் கரைக்கே என்று சிங்களத்தில் அறிவித்துவிட்டு, ஒலிவாங்கியை ஸாஜிதாவிடம் கொடுத்தார்.

அவள் வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றாள். இருநூற்று மூன்றில் பாதி நூற்றொன்றரை. எண்பத்தெட்டு அதற்கு எட்டாது. மூன்றில் கூடியது அது, சரி. பெரும்பான்மை எப்படியாகும்? வடக்குக் கரை வேண்டாம் என்று நூற்றுப் பதினைந்து கை உயர்ந்திருக்கிறதே. இருநூறு முகமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒலிவாங்கி இரைந்தது.

"வடக்குக் கரைக்குத்தான் கூடுதலான கை," என்றாள் தமிழில். அத்தோடு நிறுத்திவிட்டு, திலகரத்னவைப் பார்த்துச் சிங்களத்தில் மெதுவாக, "சேர், பாதிக்கு மேல் இல்லையே," என்றாள். மெதுவாகச் சொன்னது ஒலிவாங்கியில் போய்விட்டது. வேலியோரத்திலிருந்து முதல் சிரிப்பு வந்தது. தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்கு அவர்களே விளக்கம் சொன்னார்கள்.

திலகரத்ன காதைச் சொறிந்தார். "நீங்கள் என்னை நிம்மதியாகச் சாகவும் விடமாட்டீர்கள், மிஸ்," என்றார். பிறகு, கூடுதலான கை விழுந்த இரண்டு இடத்தை மட்டும் வைத்து மறுபடி எண்ணலாம் என்று ஒத்துக்கொண்டார்.

இரண்டாம் தரம் கோயிலடிக்காரரின் நாற்பது கைதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் ஒன்றாகப் போவார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. மனுவேல் ஆழத்துக்குக் கை உயர்த்தினான். மார்த்தா அவனைத் திரும்பியும் பார்க்காமல் பள்ளியடிக்கு உயர்த்தினாள். வடக்குக் கரைக்கு நூற்றெட்டு, பள்ளியடிக்குத் தொண்ணூற்றிரண்டு. மூன்று பேர் அதற்குள் வலை எடுக்கப் போய்விட்டார்கள்.

ஆக, துறை முதலில் சொன்ன இடத்திலேயேதான் வந்தது. அடுத்த நாள் வடக்குக் கரைக் கடை திறந்தது. கூட்டம் கலைந்தபோது ஸாஜிதாவுக்கு ஒரு கல் இறங்கியதுபோல் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வாசலில் மார்த்தா நின்றாள்.

"உங்கட கணக்குச் சரி மிஸ். நான் ஒண்டும் சொல்லேல்லை. எங்களைக் கேட்டாங்கள், நாங்கள் தோத்தம். ஆனா நாளைக்குக் கூடை சுமக்கேக்க அந்த நூத்தியெட்டுப் பேரில ஒருத்தனும் வந்து ஒரு கை பிடிக்கப் போறதில்லை."

"என்ன செய்யலாம் அக்கா?"

"எனக்குத் தெரியுமெண்டால் உங்களிட்டச் சொல்லிக்கொண்டா நிப்பன்," என்று சொல்லிவிட்டு மார்த்தா போய்விட்டாள்.

அந்தப் பேச்சு ஸாஜிதாவைப் பல நாள் விடவில்லை. வண்டிப் பாதை ஒன்று போட்டுத் தரும்படி, கண்டல்முனைப் பெண்களின் பெயரில் ஒரு விண்ணப்பம் எழுதி, தொண்ணூற்றிரண்டு கையெழுத்துக்குப் பதிலாக இருபத்தேழு மட்டும் கிடைத்து, அதையும் இரண்டு மொழியிலும் ஆக்கித் திலகரத்னவிடம் கொடுத்தாள். பார்ப்போம் என்றார். பாதை இரண்டு வருடம் கழித்துப் பாதித் தூரத்துக்கு வந்தது.

இதற்கிடையில் அவளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடமை எல்லையை மீறி ஒரு பொதுக் கூட்டத்தில் கருத்துத் தெரிவித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். யார் முறையிட்டது என்று தெரியவில்லை. திலகரத்ன தான் இல்லை என்றார். அவள் நம்பினாள். விளக்கத்தை ஆறு தரம் எழுதி, ஆறாவதைக் கிழித்து ஐந்தாவதை அனுப்பினாள். தண்டனை எதுவும் வரவில்லை. ஜனவரியில் எலுவன்குளம் பக்கமாக ஓர் அலுவலகத்துக்கு இடமாற்றம் மட்டும் வந்தது. விடியப் பஸ் பிடித்து, காட்டோரமாகப் போய், யானை வேலியைப் பற்றியும் குளத்துத் தண்ணீரைப் பற்றியும் வருகிற முறைப்பாடுகளை அவள் இன்றைக்கும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கேயும் அவளுடைய மேசைக்குக் கீழே நிலத்தில் ஓரிடம் தேய்ந்திருக்கிறது.

போன மாதம் முபாரிஸோடு சந்தைக்குப் போகும்போது ஒரு மதிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தண்ணீர் வெட்டைப் பற்றிப் புதிதாக ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. இறங்கிப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிங்களத்தையும் தமிழையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

"நீ எழுதினதா?" என்று கேட்டான் முபாரிஸ்.

"இல்ல."

"அப்ப ஏறேன்."

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் அவள், இரண்டாம் பந்தியில் விரலை வைத்தபடி. முபாரிஸ் லொறிக்காரனுக்குக் கையைக் காட்டிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தினான்.